ஆரஞ்சு என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நாரத்தையா, நாரங்கமா?

சும்மாஒருவன்:
குடும்பக் குழுவில் மாமா ஒரு செய்தி போட்டிருக்கிறார். "ஆரஞ்சு தமிழ்ச்சொல்லே! நறுமணம் வீசும் காய், அதாவது நாறும் காய். நாறுங்காய், நாரங்காய், நாரஞ்சு, ஆரஞ்சு. உண்மைத் தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு." பாதி சரி போலவும் இருக்கிறது, பாதி கப்சா போலவும் இருக்கிறது. நாரத்தங்காய்க்கும் ஆரஞ்சுக்கும் உறவு இருக்கும் என்று எனக்கே தோன்றும். ஆனால் முதலில் நின்ற "நா" எங்கே போய்த் தொலைந்தது? அனுப்புவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

வேர்க்காவலன்:
இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது தம்பி? நறு, நறுமை, நாறு, நாற்றம், நாரம், நாரத்தை. எல்லாம் ஒரே வேர். தோலைக் கிள்ளினாலே அறை முழுக்க மணக்கிற பழத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தயங்காமல் அனுப்புங்கள்.

எழுத்தாணி:
கொஞ்சம் பொறுங்கள் ஐயா. முதலில் யாரும் மறுக்காத பகுதியைப் பேசிவிடலாம், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்று நாம் சொல்லும் "ஆரஞ்சு" ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து போனது. அங்கே அது "ஒரெஞ்ச்". அதற்குப் பின்னால் இத்தாலியின் "அரான்சியா". அதற்கும் பின்னால் அரபியின் "நாரஞ்ச்", பாரசீகத்தின் "நாரங்", சமஸ்கிருதத்தின் "நாரங்க". பாரசீக "க்" அரபியில் "ஜ்" ஆனதற்குக் காரணம் எளிது. மேங்கோவில் வருகிறதே, அந்த "க" ஒலி அரபி எழுத்து வழக்கில் கிடையாது. பக்கத்தில் இருந்த "ஜ"வைப் போட்டுக்கொண்டார்கள். ஆரஞ்சில் "ஞ்சு" வந்தது அப்படித்தான். ஆகவே செய்தியில் உள்ள "நாரங்காய், நாரஞ்சு" என்ற தாவல் தமிழுக்குள் நடக்கவில்லை. நடந்தது அரபிக்காரர் வாயில்.

இனி "ந". ஆங்கிலத்தில் "எ நாரஞ்ச்" என்பது "ஏன் ஆரஞ்ச்" என்று பிரிந்துபோனது என்று பலரும் எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. ஆங்கிலத்துக்குள் நுழையும்போதே அந்தச் சொல்லில் "ந" இல்லை. அது விழுந்தது இத்தாலியிலும் பிரான்சிலும். "ஊனா நரான்சியா" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். "ஊன் அரான்சியா" என்றும் காதில் விழும். கேட்டவர்கள் "ந"வை முன்சொல்லின் வால் என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். ஸ்பானியர் வெட்டவில்லை, அவர்களுக்கு இன்றும் "நரான்ஹா". ஹங்கேரியிலும் "நராஞ்ச்". போர்த்துக்கேயர் "ந"வை "ல" ஆக்கி "லரஞ்ஜா" என்கிறார்கள்.

ஆங்கிலத்திலேயே அப்படி வெட்டுப்பட்ட சொற்கள் உண்டு. சமையலில் கட்டும் ஏப்ரன் முன்பு "நேப்ரன்". ஆரஞ்சு அந்தப் பட்டியலில் வராது.

சும்மாஒருவன்:
அடடா, அப்போது "ந" இத்தாலியில் விழுந்துவிட்டதா! நம் ஆட்கள் நாவற்பழத்தை நாகப்பழம் ஆக்கியது போலத்தான். சரி, முன்னால் "ஒ" எப்படி வந்தது? அரான்சியா என்றால் "அ" தானே?

எழுத்தாணி:
பிரெஞ்சில் "ஓர்" என்றால் பொன். நிறமும் பொன்னிறம். பெயரில் பொன் இருக்க வேண்டும் என்று நாக்கு தானாகவே திருத்திக்கொண்டது. லத்தீனில் எழுதியவர்களும் சும்மா இருக்கவில்லை. பொன்னுக்கு அவர்கள் சொல் "அவுரும்", அதை ஒட்டிப் பழத்தை "அவுரான்சியும்" என்று எழுதினார்கள். கசப்பு ஆரஞ்சின் அறிவியல் பெயரில் அது இன்றும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தங்கத்துக்கும் இந்தச் சொல்லின் வேருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வாட்ஸாப் இல்லாத காலத்து வாட்ஸாப் செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோடி:
கப்பலில் பல வருடம் திரிந்தவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். துறைமுகத்துக்குத் துறைமுகம் இந்தப் பழத்தின் பெயர் மாறும். அதில் ஒரு வேடிக்கை உண்டு.

கிரேக்கத்தில் கசப்பு ஆரஞ்சு "நெரான்ட்சி", இனிப்பு ஆரஞ்சு "போர்த்தொகாலி". அரபியில் கசப்புக்கு "நாரஞ்ச்", இனிப்புக்கு "புர்துகால்". துருக்கியில் "போர்த்தகால்", ருமேனியாவில் "போர்த்தொகாலா", பாரசீகத்திலும் "போர்த்தகால்" என்றே சொல்கிறார்கள். நாட்டின் பெயர் தெரிகிறதா? போர்த்துகல்!

கசப்புப் பழத்தை அரபிகள் முன்பே மத்தியதரைக் கடல் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இனிப்பு வகை பரவலாகப் போய்ச் சேர்ந்தது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, 15, 16ஆம் நூற்றாண்டுகளில். அந்த வியாபாரத்தில் போர்த்துக்கேயர் கை ஓங்கியிருந்தது. பழம் வந்த கப்பலின் கொடியைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். நாரங் என்ற சொல்லைத் தாங்களே மேற்கே அனுப்பிய பாரசீகர் கூட இனிப்புப் பழத்துக்குப் போர்த்துகல் பெயரை வாங்கிக்கொண்டதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

வடக்கே போனால் கதை வேறு. டச்சுக்காரர்களுக்கு அது "சினாசாப்பெல்", அதாவது சீன ஆப்பிள். ரஷ்யாவில் "அப்பெல்சின்", அதே பொருள். புவேர்ட்டோ ரிக்கோவில் இன்னும் சுருக்கி வெறும் "சீனா" என்பார்கள்!

சும்மாஒருவன்:
கடலோடி அண்ணா, டச்சுக்காரர் என்றதும் ஒரு கேள்வி. ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு விளையாடுகிறவர்கள் அவர்கள்தானே? பழத்துக்கு மட்டும் ஏன் சீன ஆப்பிள்?

கடலோடி:
அந்த ஆரஞ்சு பழமே இல்லை தம்பி. பிரான்சின் தெற்கே ஆரஞ்சு என்று ஓர் ஊர் உண்டு. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் "அரவுசியோ". அந்தப் பெயர் தேய்ந்து தேய்ந்து பழத்தின் பெயரோடு ஒலியில் மோதிக்கொண்டது. அந்த ஊர் டச்சு அரச குடும்பத்தின் முன்னோர் கைக்கு வந்தது. குடும்பப் பெயர் ஆரஞ்சு, அதனால் சட்டையின் நிறமும் ஆரஞ்சு. பழத்துக்கும் ஊருக்கும் பிறப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஈழநிலா:
இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டே இருந்தனான். எங்கட பக்கம் ஆரஞ்சு எண்டு ஆர் சொல்லுறது? தோடம்பழம் எண்டுதான் சொல்லுவம். மரம் தோடை. சிங்களத்திலயும் "தொடம்" எண்டுதான் சொல்லுவினம். எலுமிச்சைக்கு நாங்கள் தேசிக்காய், சிங்களத்தில "தெஹி". இரண்டு மொழியும் பக்கத்து வீடு, ஆர் ஆரிட்டை வாங்கினது எண்டு நான் வாதாட வரேல்லை. ஆனால் நாரத்தை ஒண்டுதான் தமிழ்ப் பெயர் எண்ட மாதிரி எல்லாரும் எழுதுறீங்கள், அதான் கேட்டனான்.

எழுத்தாணி:
நியாயம்தான் அக்கா. கிச்சிலி என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. இப்போது பலருக்கு அது பறவைப் பெயர் போலக் கேட்கும். கன்னடத்தில் ஆரஞ்சு "கித்தளெ". இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், உறவு காதிலேயே தெரியும். இத்தனை பெயரும் வீட்டில் இருக்க, நாம் எல்லா நாட்டையும் சுற்றி வந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டோம்.

மலையோரம்:
எனக்குப் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். அதனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், வேர்க்காவலன் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

மலையாளத்தில் மரத்துக்கு "நாரகம்", காய்க்கு "நாரங்ங". மாமரம் "மாவு", காய் "மாங்ங". தென்னை "தெங்ஙு", காய் "தேங்ங". அச்சு ஒன்றுதான். தமிழில் மாங்காய், தேங்காய் என்று முழுசாகச் சொல்வதை அங்கே கடித்துச் சொல்கிறோம். அப்படியானால் நாரங்ங என்பது நாரங்காய்தானே? போர்த்துக்கேயர் இந்த "மாங்ங"வைக் கேட்டுத்தான் "மங்கா" என்று கொண்டுபோனார்கள், அது ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. காய் ஒட்டிய பெயர் கடல் கடந்ததற்குக் கண் முன்னால் சாட்சி அது. இதுவரை செய்திக்குச் சாதகம்.

பாதகம் இனிமேல். நறு, நாறு எல்லாம் வல்லின ற. நாரங்ங, நாரகம், நாரத்தை எல்லாம் இடையின ர. இன்றைய தமிழ்ப் பேச்சில் பலருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டதால் ஏமாறுவது சுலபம். மலையாளத்தில் ஏமாற முடியாது, இரண்டையும் வேறு வேறாகத்தான் உச்சரிப்போம். "நாறுக" என்றால் எங்களுக்கு நாற்றமடிப்பது. அந்த வேரிலிருந்து இந்தப் பழம் வந்தது என்று எங்கள் வீட்டில் சொன்னால், எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வருவார்கள்.

வேர்க்காவலன்:
கோபம் இல்லை. ஆனால் ர, ற மயக்கம் பழைய நூல்களிலும் உண்டு. அது கிடக்கட்டும், நார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். உரித்தால் வெள்ளை நாராக வருகிறதே, நார் உள்ள காய்! அதில் ர சரியாகத்தானே இருக்கிறது? எப்படியும் நாரங்காய் நம் சொல். பாரசீகமும் சமஸ்கிருதமும் நம்மிடம் வாங்கியவை. வழக்கு முடிந்தது.

எழுத்தாணி:
ஐயா, ஒரு வேர் சரிவராதபோது உடனே இன்னொன்றை எடுத்துக் கொடுப்பது மருந்துக்கடைக்காரர் வேலை. நாரே இல்லாத காய் எது?

சமஸ்கிருதச் சொல்லுக்குத் திராவிட மூலம் இருக்கலாம் என்று பல சொற்பிறப்பு அகராதிகளே எழுதுகின்றன. நானும் அந்தப் பக்கம் சாய்கிறவன்தான். காரணங்கள் இவை. தமிழில் "நாரத்தம்", மலையாளத்தில் "நாரகம்". பின்பாதி வேறு, முன்பாதி "நார" ஒன்று. சமஸ்கிருத "நாரங்க"வை அப்படியே கடன் வாங்கியிருந்தால் நமக்கு இந்த "த்தம்" எங்கிருந்து வந்தது? இன்னொன்று, சமஸ்கிருதத்திலேயே "நாரங்க", "நாகரங்க" என்று இரண்டு வடிவம் உண்டு. வெளியிலிருந்து வந்த சொல்லுக்குத்தான் இப்படித் தடுமாற்றம் வரும், பிறகு அதற்குப் பொருள் கண்டுபிடிக்க ஆட்கள் கிளம்புவார்கள்.

எதிர்த்தரப்பில் நின்று நானே ஒன்று சொல்கிறேன். "நாரங்க" என்ற சொல் மலையாளத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, அதன் வாலை "காய்" என்று காது பிரித்துக்கொண்டு, மரத்துக்கு "நாரகம்" என்று புதிதாக வைத்திருக்கவும் முடியும். இத்தாலிக்காரர் முன்னால் வெட்டியதை நாம் பின்னால் வெட்டியிருப்போம். அதனால் "இருக்கலாம்" என்ற சொல்லை வழக்கிலிருந்து நீக்க எனக்கு மனம் வரவில்லை.

இலைக்கூட்டம்:
சொல்லைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, செடியைப் பற்றிச் சொல்கிறேன். 2018இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வின்படி இந்த எலுமிச்சைக் குடும்பத்தின் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். இன்றைய அசாமின் கிழக்கு, வட மியன்மார், சீனாவின் மேற்கு யுன்னான் பகுதி. ஆரஞ்சு என்பது காட்டில் தானாக முளைத்த இனமே இல்லை. பம்பளிமாசும், தோல் சுலபமாக உரியும் மாண்டரின் பழமும் கலந்த கலப்பு. இனிப்பு ஆரஞ்சும் அப்படித்தான், கசப்பு ஆரஞ்சும் அப்படித்தான், கலந்த விகிதம்தான் வேறு.

ஒரு கசப்பு ஆரஞ்சு இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலையும் காம்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கும். அதற்குக் கீழே காம்பின் இரு பக்கமும் சிறகு போலச் சின்ன இலை விரிந்திருக்கும். ஓர் இலையின் காலில் இன்னொரு குட்டி இலை நிற்கிற மாதிரி. பம்பளிமாசில் அந்தச் சிறகு பெரிது, இதயம் போல அகலம். மாண்டரினில் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆரஞ்சில் நடுத்தரம். அப்பா அம்மா யார் என்று காம்பிலேயே எழுதியிருக்கிறது!

தெற்கே வருவதற்கு முன்பே மரம் பல மொழிக்காரர் தோட்டங்களைக் கடந்திருக்கும். பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?

கடலோடி:
பெற்றோரின் பெயர்களையும் பாருங்கள். பம்பளிமாஸ் டச்சுக்காரரின் "பொம்பெல்மூஸ்". வங்காளத்தில் அதே பழம் "பதாபி லேபு", இன்றைய ஜகார்த்தாவின் பழைய பெயரான பதாவியாவிலிருந்து. மாண்டரின் சீன அதிகாரிகளுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். அந்தச் சொல் போர்த்துக்கேயருக்குக் கிடைத்தது மலாயில், மலாய்க்குக் கிடைத்தது சமஸ்கிருதத்தில். என்ன சொல் தெரியுமா? மந்திரி! நம் மந்திரிதான் சீனாவில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பழமாகத் திரும்பியிருக்கிறார்.

சும்மாஒருவன்:
சிரித்து முடியவில்லை. இன்னொரு செய்தியும் சுற்றுகிறதே. யானை ஒன்று காட்டில் இந்தப் பழத்தை வயிறு வெடிக்கத் தின்று செத்ததாம், அதன் வயிற்றிலிருந்து மரம் முளைத்ததாம், நாகம் என்றால் யானை, அதனால் நாகரங்கமாம்?

எழுத்தாணி:
முன்பே சொன்னேனே, பொருள் கண்டுபிடிக்க ஆட்கள் கிளம்புவார்கள் என்று. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மலையோரம்:
இந்தியில் "சந்தரா" என்கிறார்களே, அது போர்த்துகலின் சிந்த்ரா என்ற ஊரிலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். மொசாம்பி மொசாம்பிக்கிலிருந்து வந்த பெயர் என்பது தெரியும். இதுவும் அதே போலா?

எழுத்தாணி:
மொசாம்பி சரி. சந்தராவில் எனக்குச் சந்தேகம். பாபர் தன் நினைவுக்குறிப்புகளில் இந்தியப் பழங்களை ஒவ்வொன்றாக வருணிக்கும்போது நாரஞ்ச் என்றும் சங்தரா என்றும் தனித்தனியாகச் சொல்கிறார். அவர் தில்லிக்கு வந்தது 1526, இறந்தது 1530. போர்த்துக்கேயர் கோழிக்கோட்டில் இறங்கியது 1498. முப்பதே ஆண்டில் ஒரு போர்த்துக்கேய ஊர்ப்பெயர் வடக்கே போய், ஊரறிந்த பழப்பெயராகிவிடுமா? முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். என் பணத்தை அதில் போட மாட்டேன்.

பூவரசு:
இரண்டு நாளாக இழையைப் பார்க்கிறேன், சங்கப் பாட்டை யாரும் தொடவில்லையே! "நரந்தம்" என்று ஒரு சொல் இருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கிக்கொண்டு வந்து முடிக்கிற இடம்: "நரந்தம் நாகம் நள்ளிருள்நாறி, மாயிருங் குருந்தும் வேங்கையும் பிறவும்." இந்த நரந்தத்தை நாரத்தம்பூ என்று கொள்வார்கள். அடுத்த அடியில் வரும் குருந்து காட்டெலுமிச்சை, அதே குடும்பத்து மரம்.

ஆனால் புறநானூறு 132இல் "நரந்தை நறும்புல் மேய்ந்த கவரி" என்று வருகிறது. இமயமலையில் கவரிமா மேய்வது புல், நாரத்தை மரமல்ல. அகராதியைத் திறந்தால் நரந்தத்துக்கு நாரத்தை, வாசனைப்புல், கஸ்தூரி என்று மூன்றும் இருக்கும். ஆக, முதலில் வாசனைக்கான பெயர், பிறகு வாசனை உள்ள பல பொருள்களுக்கும் போயிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இலைக்கூட்டம் சொன்ன இமயத்தையும் இந்தப் பாட்டின் இமயத்தையும் சேர்த்து முடிச்சுப் போட ஆசை வரும். போடாதீர்கள், அது வேறு புல்.

வேர்க்காவலன்:
பார்த்தீர்களா! வாசனை என்றுதானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன். நறு, நாறு, நரந்தம்!

பூவரசு:
ஐயா, அவசரப்படாதீர்கள். புறநானூறு 235, அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. "நரந்தம் நாறும் தன் கையால், புலவு நாறும் என் தலை தைவரும் மன்னே." அவன் கை நரந்தம் மணக்கிறது, இவள் தலை புலால் நாறுகிறது, அந்தக் கையால் இந்தத் தலையைத் தடவிக்கொடுப்பானே என்று அழுகிறாள். மணத்துக்கும் நாற்றத்துக்கும் அன்று ஒரே "நாறும்" போதுமாக இருந்தது.

எழுத்தைப் பாருங்கள். நரந்தம், நாறும். ஒரே அடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முன்னதில் ர, பின்னதில் ற. ஒரே வேர் என்றால் ஏன் இரண்டு எழுத்து? மலையோரம் சொன்னது சரிதான். குறில் நெடில் வேறுபாடும், "ந்த" எப்படி "த்த" ஆயிற்று என்பதும் தனியாக விளக்க வேண்டியவை. நரந்தமும் நாரத்தையும் உறவு என்பதை ஏற்கிறேன், நறுவோடு முடிச்சுப் போடுவதை ஏற்கவில்லை.

வேர்க்காவலன்:
அந்த அடியை எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருக்கிறேன். ர, ற பக்கத்தில் நிற்பதைக் கவனித்ததில்லை. இதற்குப் பதில் யோசித்துவிட்டு வருகிறேன்.

ஈழநிலா:
நிறத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. நாங்கள் அந்த நிறத்தைச் செம்மஞ்சள் எண்டுதான் பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். பழத்தின்ர பெயரை நிறத்துக்கு வைக்கேல்லை.

எழுத்தாணி:
அருமையான இடம் அக்கா. ஆங்கிலத்திலும் பழம் வரும் முன் அந்த நிறத்துக்குத் தனிப்பெயர் இல்லை. பழைய ஆங்கிலத்தில் "மஞ்சள்சிவப்பு" என்று இரண்டையும் ஒட்டித்தான் சொன்னார்கள். அச்சு அசலாக நம் செம்மஞ்சள்! ஆரஞ்சு என்பது நிறப்பெயராக எழுத்தில் வருவது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அங்கே ராபின் என்ற குருவியைச் "சிவப்பு மார்பு" என்று அழைப்பார்கள். படத்தைப் பாருங்கள், மார்பு சுத்தமான ஆரஞ்சு நிறம். பெயர் வைத்தவர்களிடம் அந்தச் சொல் அன்றாடப் புழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சும்மாஒருவன்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியில் குழுவில் இப்படிப் போட்டேன்: "ஆரஞ்சு நாரத்தைக்கு உறவாக இருக்கலாம், நாற்றத்துக்கு உறவில்லை. ந இத்தாலியில் விழுந்தது, ஞ்சு அரபியில் ஏறியது." அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மாமா எழுதினார்: "அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை, பத்துப் பேருக்கு அனுப்பினாயா இல்லையா?"